ஸ்டாக் காரும் ஓப்பன் வீலும்: ஓட்டுநரின் திறமையை எதை வைத்து அளப்பது?

பந்தயக் கார்களைப் பார்த்த மாத்திரத்தில் இரண்டு இனமாகப் பிரித்துவிடலாம். நான்கு சக்கரங்களும் உடலுக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்க, ஓட்டுநர் ஒருவர் மட்டும் நடுவில் கால் நீட்டிப் படுத்தாற்போல அமர்ந்து ஓட்டும் இலேசான வண்டி ஓப்பன் வீல். ஃபார்முலா 1 கார்களும் அமெரிக்காவின் இண்டிகார் வண்டிகளும் இந்த இனம். கூரை, முன்கண்ணாடி, மூடிய சக்கரங்கள் என்று சாலையில் போகும் செடான் காரின் சாயலில் இருப்பது ஸ்டாக் கார். இன்றைக்கு அந்தச் சாயல் வெறும் வேடம்தான். கதவு திறக்காது, உள்ளே இரும்புக் குழாய்க் கூண்டு, ஒரே ஓர் இருக்கை. ஆனால் தொடக்கத்தில் கடையில் விற்ற காரையே கொண்டுவந்து ஓட்டினார்கள்.

ஸ்டாக் கார் பந்தயத்தின் தாயகம் அமெரிக்காவின் தென் மாநிலங்கள். மலைப்பகுதிகளில் காய்ச்சிய கள்ளச்சாராயத்தை இரவோடு இரவாக நகரத்துக்குக் கடத்தியவர்கள், போலீஸ் வண்டிகளுக்குப் பிடிகொடுக்காமல் ஓடுவதற்காக இன்ஜினை முடுக்கிவிட்ட கார்களை வைத்திருந்தார்கள். யார் வண்டி வேகம் என்ற சவால் வயல்வெளிப் பந்தயமாகி, 1948-ல் பில் ஃபிரான்ஸ் என்பவர் புளோரிடாவின் டேடோனா பீச்சில் நாஸ்கார் அமைப்பைத் தொடங்கியபோது முறையான விளையாட்டாயிற்று. சாராய வழக்கில் சிறைக்குப் போய்வந்த ஜூனியர் ஜான்சன் 1960-ல் டேடோனா 500 பந்தயத்தை வென்றார். ஃபார்முலா 1 உலகப் பட்டப் போட்டி 1950-ல் ஐரோப்பாவில் பிறந்தது. இரண்டின் பிறப்பிடமும் வேறு, பணமும் பவிசும் வேறு. அதனாலேயே ரசிகர்களுக்குள் தீராத வழக்கு ஒன்று உண்டு. 'நீள்வட்டத் தடத்தில் இடப்பக்கம் மட்டும் திருப்பத் தெரிந்தால் போதும், நாஸ்கார் ஓட்டலாம்' என்பது ஒரு தரப்பின் கேலி. 'ஃபார்முலா 1-ல் ஓடுவது கம்ப்யூட்டர். ஆள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்' என்பது மறுதரப்பின் பதிலடி. இரண்டுமே காரைப் பற்றித் தெரியாமல் சொல்வது.

வித்தியாசம் டயரும் தரையும் சந்திக்கும் இடத்தில் தொடங்குகிறது. ஃபார்முலா 1 காரின் குறைந்தபட்ச எடை 2025 விதிப்படி ஓட்டுநரையும் சேர்த்து 800 கிலோ. திறன் ஏறத்தாழ 1,000 குதிரைத்திறன். நாஸ்காரின் முதல்நிலைப் போட்டியான கப் தொடரில் ஓடும் கார், ஓட்டுநரும் பெட்ரோலும் இல்லாமலே சுமார் 1,450 கிலோ. அண்மை ஆண்டுகளில் பெரும்பாலான தடங்களில் அதன் திறன் 670 குதிரைத்திறன் அளவில் இருந்தது. எடையைவிடப் பெரிய வேறுபாடு காற்று தரும் அழுத்தம். ஃபார்முலா 1 காரின் இறக்கைகளும் அடித்தளமும் வேகம் கூடக் கூடக் காரைத் தரையோடு அழுத்துகின்றன. அதிவேகத்தில் இந்த அழுத்தம் காரின் எடையையே மிஞ்சிவிடும். ஆகவே, வேகமாகப் போனால்தான் வளைவில் பிடிப்பு இருக்கும்; பயந்து வேகத்தைக் குறைத்தால் பிடிப்பும் குறையும். புதிதாக ஏறுபவரின் உள்ளுணர்வு இதை ஏற்காது.

பிரேக் பிடிக்கும் விதத்தைப் பார்த்தால் இது விளங்கும். இத்தாலியின் மோன்சா தடத்தில், நேர்ப்பாதையின் முடிவில் மணிக்கு 330 கி.மீ.-க்கு மேல் வரும் கார், 150 மீட்டருக்குள் நகரச் சாலை வேகத்துக்கு இறங்கிவிடுகிறது. ஓட்டுநர் முதல் உதையிலேயே 100 கிலோவுக்கு மேற்பட்ட விசையுடன் பெடலை மிதிக்கிறார். அந்த நொடியில் காற்றழுத்தம் உச்சத்தில் இருப்பதால் சக்கரம் பூட்டாது. வேகம் இறங்க இறங்க அழுத்தமும் வற்றுகிறது. அதற்கு ஈடாகக் காலைச் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். தளர்த்திக்கொண்டே ஸ்டீயரிங்கையும் திருப்ப வேண்டும். இத்தனையும் இரண்டு மூன்று விநாடிக்குள். காலைத் தளர்த்தும் கணக்கு கொஞ்சம் பிசகினாலும் முன்சக்கரம் பூட்டிப் புகை கிளம்பும், டயர் ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாகும், அதன் பிறகு எத்தனை சுற்று ஓடினாலும் கார் அதிரும்.

ஸ்டாக் காரில் எடை அதிகம், அழுத்தம் குறைவு, டயரின் பிடிப்பும் குறைவு. அதனால் கார் வளைவில் வழுக்கிக்கொண்டேதான் போகும். வழுக்காத ஸ்டாக் கார் மெதுவாகப் போகும் ஸ்டாக் கார். பின்புறம் வெளியே நழுவுவதை 'லூஸ்' என்றும், முன்புறம் திரும்ப மறுப்பதை 'டைட்' என்றும் ஓட்டுநர்கள் சொல்வார்கள். ஆக்சிலரேட்டரைப் பாதத்தின் நுனியால் ஏற்றி இறக்கி, இந்த இரண்டுக்கும் நடுவே காரை நிறுத்திவைப்பதுதான் வித்தை. இதை ஒரு சுற்று செய்தால் போதாது. சார்லட்டில் நடக்கும் கோகோ கோலா 600 பந்தயத்தின் தூரம் 600 மைல், அதாவது 966 கி.மீ. ஃபார்முலா 1 பந்தயம் ஏறத்தாழ 305 கி.மீ.-யில் முடிந்துவிடும். சார்லட்டில் மாலை வெயிலில் தொடங்கி இரவில் முடியும் அந்த நான்கு மணி நேரத்தில் தடம் குளிர்கிறது, டயர் தேய்கிறது, பெட்ரோல் குறைந்து எடை மாறுகிறது. முதல் மணி நேரத்தில் ஓட்டிய காரும் கடைசி மணி நேரத்தில் ஓட்டும் காரும் வேறு வேறு. உள்ளே வெப்பம் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டும்.

இங்கே ஓட்டுநர் தம் உடம்பையே அளவுகோலாக வைத்திருக்க வேண்டியிருக்கிறது. வளைவில் நுழையும்போது கார் டைட்டாக இருக்கிறதா, நடுவிலா, வெளியேறும்போது லூஸாகிறதா என்று வானொலியில் குழுத் தலைவரிடம் துல்லியமாகச் சொல்ல வேண்டும். அடுத்த முறை டயர் மாற்றப் பிட்டுக்குள் வரும்போது டயர் அழுத்தத்தைச் சிறிது மாற்றுவார்கள், அல்லது பின்கண்ணாடிப் பக்கம் நீண்ட சாவியைச் செருகி ஸ்பிரிங்கின் இறுக்கத்தைத் திருகுவார்கள். ஓட்டுநர் சொன்னது தவறென்றால் அடுத்த 60 சுற்றுகளும் அந்தத் தவற்றோடுதான். ஃபார்முலா 1-ல் காரிலுள்ள நூற்றுக்கணக்கான உணரிகள் நொடிக்கு நொடி தகவலை அணிக்கு அனுப்புகின்றன. அதற்குப் பதில் அங்கே ஓட்டுநரின் விரல்களுக்கு வேலை அதிகம். ஸ்டீயரிங்கிலேயே இருபதுக்கு மேற்பட்ட பொத்தான்களும் திருகுகளும் உண்டு. பிரேக் விசை முன்னும் பின்னும் பிரியும் விகிதத்தைச் சில ஓட்டுநர்கள் வளைவுக்கு வளைவு மாற்றுகிறார்கள்.

காற்றைக் கையாளும் கலையில் ஸ்டாக் கார் ஓட்டுநர்களை மிஞ்ச ஆள் இல்லை என்று துணிந்து சொல்லலாம். நெடுஞ்சாலையில் லாரிக்குப் பின்னால் ஒட்டிப் போகும் பைக்குக்கு எதிர்க்காற்று குறைவது போல, முன்னே போகும் காரின் நிழலில் போனால் பின்கார் எளிதாக ஓடும். நாஸ்காரில் வியப்பு என்னவென்றால் முன்காருக்கும் இதில் ஆதாயம் உண்டு. அதன் வாலைப் பிடித்து இழுக்கும் காற்றுச் சுழல், பின்கார் ஒட்டி வந்ததும் தணிந்துவிடுகிறது. தனியே ஓடும் ஒரு காரைவிட ஒட்டி ஓடும் இரண்டு கார்கள் வேகம். நாஸ்காரின் பெரிய தடங்களான டேடோனாவில் வளைவுகள் 31 டிகிரி சாய்வு, டலடேகாவில் 33 டிகிரி. அங்கே பாதுகாப்புக்காக இன்ஜின் திறனைக் குறைத்துவிடுவதால் எல்லோரும் ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்தபடியே, மணிக்கு 300 கி.மீ. வேகத்தில், இரண்டு மூன்று வரிசையாகக் கொத்தாக ஓடுகிறார்கள். முந்த வேண்டுமானால் வரிசையை விட்டு விலக வேண்டும். விலகும்போது பின்னால் இருப்பவரும் கூடவே வந்து தள்ளினால் முன்னேறலாம், வராவிட்டால் பத்துப் பதினைந்து இடம் பின்னுக்குப் போய்விடும். யார் வருவார், யார் கைவிடுவார் என்ற மனக்கணக்கு 500 மைலும் ஓடிக்கொண்டே இருக்கும். பக்கவாட்டில் இன்னொரு தந்திரம்: எதிராளியின் பின்சக்கரப் பக்கமாக மூக்கைக் கொண்டுபோனால் காற்று திசைமாறி அவருடைய வால் இறக்கையில் மோதும், அவர் வேகம் குறையும். தொடவே வேண்டாம்.

தலைக் காப்பும் உடலைச் சுற்றி வளைந்த இருக்கையும் பார்வையை மறைப்பதால், கூட்டத்தில் யார் எங்கே இருக்கிறார் என்பது ஸ்டாக் கார் ஓட்டுநருக்குச் சரியாகத் தெரியாது. அரங்கின் உச்சியில் நிற்கும் ஸ்பாட்டர் என்ற உதவியாளர் 'உள்ளே ஒருவர், இன்னும் உள்ளே, விலகிவிட்டார்' என்று காதில் ஓதிக்கொண்டே இருப்பார். அந்தக் குரலை நம்பி 300 கி.மீ. வேகத்தில் பக்கத்து வரிசைக்கு நகர்வதும் பழகிப் பெறவேண்டிய திறமைதான்.

ஓப்பன் வீலில் காற்று நேர்மாறாக வேலை செய்கிறது. முன்கார் கலக்கிவிட்ட காற்றில் நுழைந்ததும் பின்காரின் கீழ்நோக்கிய அழுத்தம் குறைகிறது, வளைவில் வழுக்குகிறது, டயர் சூடேறுகிறது. ஆகவே நெருங்குவதே சிரமம். தொடுவதோ ஆபத்து. சுழலும் சக்கரம் சுழலும் சக்கரத்தின் மேல் ஏறினால் கார் வானில் பறக்கும். 2011-ல் லாஸ் வேகாஸ் நீள்வட்டத் தடத்தில் 15 இண்டிகார் வண்டிகள் சிக்கிய விபத்தில், இண்டிகாரின் முதன்மைப் பந்தயமான இண்டியானாபோலிஸ் 500-ஐ இருமுறை வென்ற டான் வெல்டன் உயிரிழந்தார். அதனால் ஓப்பன் வீல் ஓட்டுநர் அங்குலக் கணக்கில் இடைவெளி விட்டு, பிரேக் பிடிக்கும் புள்ளியில் எதிராளியை ஏமாற்றித்தான் முந்த முடியும். ஸ்டாக் காரில் உரசலும் இடித்தலும் ஆட்டத்தின் பகுதி. எதிராளியை வெளியே எறியாமல், பாதை விலகும் அளவுக்கு மட்டும் பம்பரால் தட்டுவதற்கும் ஒரு நிதானம் வேண்டும்.

ஸ்டாக் கார் உலகத்தின் மனப்போக்கைக் காட்ட 2022 அக்டோபர் 30 அன்று மார்ட்டின்ஸ்வில் தடத்தில் நடந்தது போதும். சுற்றுக்கு 0.526 மைல் மட்டுமே உள்ள குட்டித் தடம் அது. கடைசிச் சுற்றில் ராஸ் சாஸ்டெயின் பத்தாவது இடத்தில் இருந்தார். பட்டத்துக்கான இறுதிப் போட்டிக்குத் தகுதி பெற இரண்டு இடமாவது முன்னேறியாக வேண்டும். எல்லோரும் பிரேக் பிடிக்கும் இடத்தில் அவர் ஐந்தாவது கியருக்கு மாற்றி, ஆக்சிலரேட்டரை மிதித்தபடி, காரின் வலப்பக்கத்தை வெளிச்சுவரில் அழுத்தினார். ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டார். திருப்பும் வேலையைச் சுவரே செய்தது. தீப்பொறி பறக்க வளைவைச் சுற்றிவந்து ஐந்து கார்களைத் தாண்டினார். அந்தச் சுற்றின் நேரம் 18.845 விநாடி, அந்தத் தடத்தில் ஸ்டாக் கார் எதுவும் அவ்வளவு வேகமாகச் சுற்றியதில்லை. சிறுவயதில் வீடியோ கேமில் செய்து பார்த்த வித்தை என்று பிறகு சொன்னார். இனி இப்படிச் செய்தால் தண்டனை உண்டு என்று நாஸ்கார் அறிவித்துவிட்டது. இதைத் திறமை என்பதா, துணிச்சல் என்பதா என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. ஓப்பன் வீல் காரில் இதே காரியம் செய்தால் சுவரைத் தொட்ட உடனேயே சக்கரம் கழன்று போயிருக்கும்.

மறுபக்கத்தின் உச்சத்துக்கு 1988 மொனாக்கோவைச் சொல்லலாம். தகுதிச் சுற்றில் அயர்டன் சென்னா, அதே மெக்லாரன் காரை ஓட்டிய அலேன் ப்ரோஸ்டைவிட 1.427 விநாடி வேகமாகச் சுற்றினார். பின்னவரும் சாதாரண ஆள் இல்லை. அதற்குள் இருமுறை உலகப் பட்டம் வென்றவர். ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிக்கு அடித்துக்கொள்ளும் விளையாட்டில் அந்த இடைவெளி நம்ப முடியாதது. மறுநாள் பந்தயத்தில் பெரிய முன்னணியுடன் போய்க்கொண்டிருந்த சென்னா, கவனம் ஒரு கணம் சிதறித் தடுப்பில் மோதி வெளியேறினார். வென்றவர் ப்ரோஸ்ட்.

திறமையை ஒப்பிடுவதில் உள்ள முதல் சிக்கலும் இதில் தெரிகிறது. ஒரே அணியில் ஒரே காரை ஓட்டும் இருவரை மட்டுமே நேராக ஒப்பிட முடியும். ஃபார்முலா 1-ல் ஒவ்வோர் அணியும் தன் காரைத் தானே வடிவமைப்பதால் காருக்குக் கார் ஏற்றத்தாழ்வு மிகுதி. 1950 முதல் 2014 வரையிலான முடிவுகளை ஆராய்ந்து, ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் வெளியிட்ட ஆய்வு, வெற்றியில் ஓட்டுநரைவிட அணியின் பங்கே மிகப் பெரிது என்றது. காரின் பங்கைக் கழித்துப் பார்த்தால் அர்ஜென்டினாவின் ஹுவான் மனுவேல் ஃபாஞ்சியோ முதலிடம் பெறுகிறார் என்றும் கணித்தது. நாஸ்காரில் விதிகள் கார்களை ஏறக்குறைய ஒரே மாதிரி ஆக்கிவிடுகின்றன. ஆனால் ஒரு பந்தயத்தில் 36 முதல் 40 கார்கள், எல்லோரையும் மெதுவாக்கும் மஞ்சள் கொடிகள், பிறர் செய்யும் விபத்துகள் என்று அதிர்ஷ்டத்துக்கும் பெரிய இடம் உண்டு.

எல்லோரையும் ஒரே மாதிரிக் காரில் ஏற்றிவிட்டால் வழக்கு தீராதா? அதையும் செய்து பார்த்தார்கள். அமெரிக்காவில் 1973-ல் தொடங்கிய ஐராக் என்ற போட்டியில், பல்வேறு பந்தயங்களின் முன்னணி வீரர்களை அழைத்து ஒரே மாதிரிக் கார்களைக் கொடுத்தார்கள். ஃபார்முலா 1-ன் எமர்சன் ஃபிட்டிபால்டியும் நாஸ்காரின் ரிச்சர்ட் பெட்டியும் முதல் ஆண்டிலேயே மோதினர். அந்த ஆண்டு கொடுத்த கார் போர்ஷே. பட்டம் வென்றவர் சாலைத் தடங்களில் பேர்போன மார்க் டோனஹியூ. அடுத்த ஆண்டே செவ்ரோலே கமாரோவுக்கு மாறினார்கள். காலப்போக்கில் அது கிட்டத்தட்ட ஸ்டாக் காராகவே ஆனது, பந்தயங்களும் நீள்வட்டத் தடங்களுக்கே போய்ச் சேர்ந்தன. பிறகு நாஸ்கார் வீரர்களின் ராஜ்யம்தான். மார்க் மார்ட்டின் ஐந்து முறையும் டேல் எர்ன்ஹார்ட் நான்கு முறையும் வென்றார்கள். 2006-க்குப் பின் போட்டி நின்றுபோயிற்று. எல்லோருக்கும் பொதுவான கார் என்று ஒன்று கிடையாது; எந்தக் காரைத் தேர்ந்தாலும் அது யாரோ ஒருவரின் சொந்த ஊர்.

ஆகவே கட்சி மாறி ஓட்டியவர்களின் கதைகளே மிஞ்சிய சான்று. கொலம்பியாவின் ஹுவான் பாப்லோ மோண்டோயா ஃபார்முலா 1-ல் ஏழு வெற்றி பெற்றவர். அதற்கு முன்பே 2000-ல், முதல் முயற்சியிலேயே, 200 சுற்றில் 167 சுற்று முன்னணியில் ஓடி இண்டியானாபோலிஸ் 500 வென்றார். 2007 முதல் ஏழு பருவம் நாஸ்கார் கப் தொடரில் முழுநேரமாக ஓட்டினார். கிடைத்த வெற்றிகள் இரண்டு. சொனோமா, வாட்கின்ஸ் கிளென் ஆகிய இரண்டுமே இடமும் வலமும் திரும்பும் சாலைத் தடங்கள். நீள்வட்டத்தில் ஒன்றுகூட இல்லை. எதிர்த்திசையில் போனவர் ஜிம்மி ஜான்சன். ஏழு நாஸ்கார் பட்டமும் 83 வெற்றியும் கண்ட பிறகு, 2021-ல் இண்டிகாருக்கு வந்தார். சாலைத் தடங்களில் ஒருமுறைகூட முதல் பத்துக்குள் வரவில்லை. 2022-ல் நீள்வட்டங்களிலும் ஓட்டத் தொடங்கியதும் டெக்சாஸில் ஆறாவது, அயோவாவில் ஐந்தாவது.

இந்த இருவரின் கணக்கையும் பக்கத்தில் வைத்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. காரை மட்டும் மாற்றினாலோ தடத்தை மட்டும் மாற்றினாலோ நல்ல ஓட்டுநர் சமாளித்துவிடுகிறார். இரண்டும் சேர்ந்து மாறும்போதுதான் கை கட்டுப்படுகிறது. நாஸ்கார் வீரர் கர்ட் புஷ் 2014-ல் முதன்முறையாக இண்டியானாபோலிஸ் 500 ஓட்டி ஆறாவதாக வந்தார். கார் புதிது, நீள்வட்டத் தடத்தின் தன்மை பழையது. ஃபார்முலா 1-லிருந்து 2017-ல் அங்கே போன ஃபெர்னாண்டோ அலோன்சோ 27 சுற்று முன்னணியில் இருந்தார், இன்ஜின் பழுதானதால் முடிக்கவில்லை. அவருக்குத் தடம் புதிது, கார் இனம் பழையது. சாலைத் தடங்களில் பழகி வந்த நியூசிலாந்தின் ஷேன் வான் கிஸ்பெர்கன் 2023-ல் சிகாகோ தெருத் தடத்தில் தம் முதல் கப் பந்தயத்திலேயே வென்றார். 2025-ல் பெற்ற ஐந்து வெற்றிகளும் சாலை, தெருத் தடங்களில்தான்.

இந்த ஒழுங்குக்கு அடங்காத ஒருவரும் இருக்கிறார். சாம் ஹார்னிஷ் இண்டி பந்தயங்களில் மூன்று பட்டம் பெற்றவர், நீள்வட்டங்களில் கைதேர்ந்தவர். நாஸ்கார் கப் தொடரில் அவருக்கு ஒரு வெற்றிகூட வாய்க்கவில்லை. அதே இண்டி பட்டத்தோடு வந்த டோனி ஸ்டூவர்ட்டோ 2002, 2005, 2011 என மூன்று கப் பட்டம் வென்றார். வேர் வேறிடத்தில் இருக்கிறது. ஸ்டூவர்ட் வளர்ந்தது மிட்ஜெட், ஸ்பிரின்ட் என்ற சிறு கார்களில், மண் தடங்களில். அவையும் ஓப்பன் வீல்தான், ஆனால் பின்புறம் எப்போதும் வழுக்கிக்கொண்டே ஓடுபவை. காற்றழுத்தத்தால் தரையில் ஒட்டிய காரிலேயே பழகிய காலுக்கும், வழுக்கும் காரில் பழகிய காலுக்கும் உள்ள தூரம் பெரிது. சிறுவயதில் எந்தத் தரையில் பழகினார் என்பது பின்னால் வாங்கும் பட்டங்களைவிட அதிகம் சொல்கிறது.

கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயனும் இந்த எல்லையைத் தாண்டியவர். 2005-ல் ஜோர்டான் அணிக்காக ஓட்டி ஃபார்முலா 1-ல் நுழைந்த முதல் இந்தியர் ஆனார். 2010-ல் நாஸ்காரின் டிரக் தொடரில் களமிறங்கினார். அதே மார்ட்டின்ஸ்வில்லில் முதல் பந்தயத்திலேயே பதின்மூன்றாவதாக வந்தார். காரும் தடமும் ஒருசேரப் புதியவை என்பதை நினைத்தால் அது குறைவான இடம் அல்ல. அந்த ஆண்டு ரசிகர்களின் வாக்குப்படி அத்தொடரின் அபிமான ஓட்டுநரும் அவரே.

எது கடினம் என்று கேட்டால், ஒரே ஒரு சுற்றைப் பிழையில்லாமல் ஓட்டுவதில் ஓப்பன் வீல் கடினம். நான்கு மணி நேரம் நாற்பது பேருக்கு நடுவே மாறிக்கொண்டே இருக்கும் காரைப் பிழைக்கவைப்பதில் ஸ்டாக் கார் கடினம். 1960-களில் எல்லாக் கார்களுமே குறைந்த பிடிப்போடு வழுக்கின. அப்போது ஓட்டுநர்கள் இங்குமங்கும் போய்வந்தார்கள். இறக்கைகளும் சிறப்புத் தேர்ச்சியும் வளர்ந்த பிறகு அந்தப் போக்குவரத்து அருகிவிட்டது. டேடோனா 500 பந்தயத்தை 1967-லும், இண்டியானாபோலிஸ் 500 பந்தயத்தை 1969-லும், ஃபார்முலா 1 உலகப் பட்டத்தை 1978-லும் வென்ற மாரியோ ஆண்ட்ரெட்டிக்குப் பிறகு, அந்த மூன்றையும் ஒருசேர வென்றவர் எவரும் இல்லை.